பூவுக்குப் பிறகு

டூலிப் தொட்டியை வாங்கி வந்த ஆறாம் நாள் இதழ்கள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. "பூதான் போயிடுச்சே, இன்னும் எதுக்குடா அந்தத் தொட்டி?" என்றார் அம்மா. என்னிடம் பதில் இல்லை. அழகுக்காக வாங்கிய ஒன்றிடம், அழகு தீர்ந்த பிறகு நமக்கு ஏதாவது கடமை இருக்கிறதா?

பொறியாளர் புத்தி முதலில் 'எப்படி' என்றுதான் தேடியது. டூலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசிய மலைகள். கடும் குளிர், குறுகிய வசந்தம், வறண்ட கோடை என்று அதன் வருடம் ஓடும். தொட்டியில் பல வருடம் வைத்திருக்க வேண்டுமென்றால், வாடிய பூவை மட்டும் கிள்ளிவிட வேண்டும். விதை பிடித்தால் சத்து அங்கே போய்விடும். இலையில் கை வைக்கக் கூடாது. அது மஞ்சளாகித் தானாகக் காயும் வரை, ஏறக்குறைய ஆறு வாரம், கிழங்குக்குச் சோறு போடுவது அந்த இலைதான். பிறகு கிழங்கை உலர்த்தி எடுத்துவைத்து, 12 முதல் 16 வாரம் குளிரில் வைக்க வேண்டும். சிங்கப்பூரில் குளிர்காலம் என்றால் ஃப்ரிட்ஜ்தான். அதிலும் பக்கத்தில் ஆப்பிள் இருக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் உறங்கும் மொட்டைக் கருக்கிவிடும்.

நெதர்லாந்தில் கிழங்குக்காகப் பயிரிடுகிறவர்கள், வயல் பூத்து நிற்கும்போதே பூத்தலைகளை இயந்திரத்தால் வெட்டிவிடுகிறார்கள். முதலில் படித்தபோது கொடுமையாகத் தெரிந்தது. அப்புறம் புரிந்தது: பூவை விரும்புகிறவன் ஒரு வாரத்தில் போய்விடுவான். செடியோடு இருக்கப்போகிறவனால்தான் பூவை விட்டுக்கொடுக்க முடிகிறது.

இதைச் சொல்லி அம்மாவிடம் வாதாடலாம் என்றிருந்தேன். ஆனால் தொட்டியைக் கிளறியபோது நான் வாங்கிய கிழங்கே அங்கே இல்லை. சுருங்கிய தோலும், சுண்டுவிரல் நுனி அளவில் இரண்டு குட்டிக் கிழங்குகளும் இருந்தன. தாய்க்கிழங்கு பூத்த வருடத்தோடு தீர்ந்துவிடும். அடுத்த வருடத்துக்கு இருப்பவை அதன் பிள்ளைகள். பல வருடம் டூலிப்பைக் காப்பாற்றினேன் என்று ஒருவர் சொன்னால், அவர் காப்பாற்றியது ஒரு வம்சத்தை. பூ தந்ததற்குக் கைம்மாறு செய்யலாம் என்று நான் கிளம்பியபோது, தந்தது ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

"குளிர்ல வாழுற செடிய இங்க கொண்டாந்து ஃப்ரிட்ஜ்ல வைக்கிற. யாருக்காக?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மரீனா பேயில் டூலிப் கண்காட்சிக்கே குளிரூட்டிய கண்ணாடிக்கூடம் தேவைப்படுகிறது. எங்கள் வீட்டு வராந்தாவின் வெக்கையில் இலை இரண்டே வாரத்தில் காய்ந்தது. குட்டிகள் சிறுத்துப்போனதும் அதனால்தான். இந்த அளவுக் கிழங்கு அடுத்த வருடம் பூக்காது. இங்கே எப்போதுமே பூக்காமல் போகலாம். என் கடமை கடையில் காசை நீட்டும்போதே தொடங்கிவிட்டது. பூ உதிரும் வரை நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

குட்டிகள் இரண்டும் இப்போது ஒரு காகிதப் பையில், முட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. நேற்றுப் பார்த்தேன், ஆப்பிள்களை அம்மா எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.