மனைவி பெயரில் ஒரு பங்கு

புதிய வரித் திட்டத்தில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்று 2025 பிப்ரவரி பட்ஜெட் அறிவித்தது. நடுத்தரக் குடும்பத்துக்கு வந்த அந்த ஆறுதலோடு ஒரு பழைய ஆசையும் துளிர்த்துவிட்டது. ஒருவர் வருமானத்தை இருவர் பெயரில் பிரித்தால் சலுகை இரட்டிப்பாகுமே! திண்டிவனத்தில் சாலைப்பணி எடுக்கும் காண்ட்ராக்டர் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கும்போது, மனைவி பெயரில் பங்கும் சம்பளமும் எழுதத் தோன்றுவது இதனால்தான். செய்யாத வேலைக்குச் சம்பளமும், கையில் சேராத உரிமைக்குப் பங்கும் எழுதுவது பொய்க்கணக்கு. அது அறமாகாது.

சட்டமும் இதையே சொல்கிறது. வருமான வரிச் சட்டப்படி, கணவனுக்குக் கணிசமான பங்குள்ள நிறுவனத்தில் மனைவி வாங்கும் சம்பளம் அவருடைய தொழில்தகுதியாலும் அனுபவத்தாலும் ஈட்டியதாக இல்லாவிட்டால், கணவன் வருமானத்தோடு சேரும். கணவன் இனாமாகக் கொடுத்த பங்கின் டிவிடெண்டும் அவ்வாறே. சட்டத்துக்கு உட்பட்ட வரித் திட்டமிடல் தவறல்ல, ஏமாற்று உத்திகள் அதில் அடங்கா என்று 1985இல் மெக்டவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது.

குடும்பம் ஒன்றுதானே, மனைவியின் வீட்டுழைப்புக்கு மதிப்பில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனில் 2007இல் பிரபுக்கள் சபை இத்தகைய வழக்கொன்றில் தம்பதியர் பக்கமே தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் தம்பதியர் கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்ய வழி வேண்டும் என்று பட்டயக் கணக்காளர் நிறுவனம் கோரியிருக்கிறது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் சட்டத்தைத் திருத்தக் கேட்பது வேறு, இருக்கும் சட்டத்தின் முன் பொய் எழுதுவது வேறு.

நம் முன்னோர் இதில் தடுமாறவில்லை. தீதின்றி வந்த பொருளே அறமும் இன்பமும் தரும் என்பது பொருள் செயல்வகையில் வள்ளுவர் காட்டும் வழி. நெஞ்சறிந்து பொய் சொன்னவனை அவன் நெஞ்சமே வருத்தும் என்பதும் அவர் வாக்கே. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் பண்டங்களுக்குப் புலி முத்திரை இட்டனர். வணிகரோ மிகையாகக் கொள்ளவும் இல்லை, குறைத்துக் கொடுக்கவும் இல்லை. வரியை அளவறிந்து கொள்ளுமாறு பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் புறநானூற்றில் அறிவுரை சொன்னார். அரசுக்கு அளவு உண்டென்றால் குடிமகனுக்கு நேர்மை உண்டு.

பொய்க்கணக்கைவிடப் பெரிய அநீதி அந்த மனைவிக்கு நேர்கிறது. படிக்காமல் கையெழுத்திட்டு அந்தக் கம்பெனிக்கு இயக்குநராகவும் ஆகிறார். நாளை கம்பெனியின் வரிப்பாக்கியை அதனிடம் வசூலிக்க முடியாமல் போனால், தம் தரப்பில் தவறில்லை என்று நிரூபிக்கும் வரை அவரும் பொறுப்பாளி. ஆதாயம் கணவனுக்கு, ஆபத்து மனைவிக்கு என்பதா இல்லறம்?

மனைவி உண்மையில் கணக்கு எழுதுகிறாரா, கூலிப் பட்டுவாடாவைக் கவனிக்கிறாரா? தகுந்த சம்பளத்தை அவர் கணக்கிலேயே போடுங்கள், அவர் விருப்பப்படி செலவிடட்டும். சட்டம் கேட்கும் வரியைச் செலுத்துங்கள். பங்கு கொடுத்தால் வாக்கும் லாபமும் சேர்த்தே கொடுங்கள். அதற்கு மனமில்லாதவர் அவர் பெயரைத் தாளில் எழுதவே கூடாது.