வழியும் வேலியும்

தெல்லிப்பழைச் சந்தியிலிருந்து எத்திசையில் நடந்தாலும், காங்கேசன்துறை வீதியை விட்டு இறங்கிய சில அடிகளுக்குள் ஒழுங்கைகள் தொடங்கிவிடுகின்றன. இருபுறமும் வேலி, வேலியிலே கதிகாலாக நட்ட பூவரசும் கிளுவையும் முள்முருக்கும், இடையிடையே ஒரு படலை. ஒழுங்கை குச்சொழுங்கையாகச் சுருங்கி, தோட்டவெளியை அடைந்ததும் ஒற்றையடிப் பாதையாகி, செம்மண் வரம்பின்மேல் ஏறி இறங்கி, அயலூர்க் கோயில் வீதியிலே போய் முடிகின்றது. இவற்றை வரைந்து வகுத்த பொறியியலாளர் எவருமிலர். இறைப்புக்குப் போன தோட்டக்காரனும், குடத்துடன் கிணற்றை நாடிய பெண்ணும், மகாஜனாக் கல்லூரிக்கும் யூனியன் கல்லூரிக்கும் புத்தகம் சுமந்த பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக மிதித்து ஆக்கிய வழிகள் இவை.

ஆக்கியவர் பலராயிருக்க, அடைக்கும் உரிமை ஒருவருக்கு உண்டா? இது நில அளவையாளர் தம் சங்கிலியைக் கொண்டு தீர்த்துவிடக்கூடிய கேள்வியன்று. மனிதன் நிலத்தோடும் அயலவனோடும் கொண்ட உறவைப் பற்றிய அறக்கேள்வி இது.

நம் பழைய உறுதிகளை எடுத்துப் பார்த்தால், இத்தனை பரப்புக் காணி என்பதோடு, கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் சேர்த்தே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். எந்தக் காணியும் தனித்து நிற்பதில்லை என்பதை அந்த எழுத்து ஒப்புக்கொள்கின்றது. ஒருவனுடைய நிலம் அவனுக்குப் பயன்பட வேண்டுமாயின், இன்னொருவனுடைய நிலம் சற்று விட்டுக்கொடுக்க வேண்டும். தனியுடைமையைப் போற்றும் சட்டங்கூட இதனை மறுத்ததில்லை. இலங்கையில் வழங்கும் றோமன்-டச்சுச் சட்டம், வேறு வழியில்லாத காணிக்காரனுக்கு அயற்காணியூடாக வழி பெறும் உரிமையை ஏற்றுக்கொள்கின்றது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம், பத்து ஆண்டு இடையறாத அனுபவத்தை உரிமைக்கு ஆதாரமாகக் கொள்கின்றது.

இக்கேள்விக்காக மக்கள் சிறை சென்ற வரலாறும் உண்டு. இங்கிலாந்தில் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் பொதுநிலங்கள் பாராளுமன்றச் சட்டங்களின் துணையோடு வளைத்து அடைக்கப்பட்டன. நிலத்தை இழந்த உழவர் பலர் ஆலைத் தொழிலாளராயினர். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையிலே புகையற்ற காற்றைத் தேடி மலைப்பக்கம் சென்றபோது, அங்கே பிரபுக்களின் வேட்டைக் காவலர் தடியுடன் நின்றனர். 1932 ஏப்ரல் 24ஆம் நாள், பென்னி ரொத்மன் என்னும் இளம் பொதுவுடைமையாளர் முன்னிற்க, மான்செஸ்டர் முதலிய இடங்களிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான தொழிலாள இளைஞர்கள் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில் தடையை மீறி நடந்தனர். ஐவர் சிறைப்பட்டனர். 1949இல் வந்த சட்டம், பொது நடைபாதைகளை உள்ளூராட்சி அதிகாரிகள் வரைபடத்திற் குறித்தல் வேண்டும் என விதித்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலைநிலங்களிலும் மேய்ச்சல் வெளிகளிலும் நடந்து திரியும் உரிமையை வழங்கிற்று. இன்று ஆங்கிலேயக் கிராமங்களைச் சுற்றி ஓய்வாக உலாவுவோர் காணும் வழிகாட்டிப் பலகைகளுக்குப் பின்னே அந்த ஐவரின் சிறைவாசமும் இருக்கின்றது.

ஆனால், அந்தப் பாடத்தை அப்படியே பெயர்த்து இங்கே நடுவது அறிவுடைமையாகாது. கிண்டர் ஸ்கவுட்டின் உடைமையாளர் ஒரு கோமகன். அடைத்து வைத்ததோ பறவை வேட்டைக்காக. தெல்லிப்பழையில் வேலி போடுபவரோ பெரும்பாலும் நாலு பரப்புத் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் வைத்துப் பிழைப்பவர். ஆடு நுழைந்தால் ஒரு போகம் அழியும். கிடுகு வேலி இல்லையேல் வீட்டுப் பெண்களுக்கு மறைப்பில்லை. அத்தகையவரிடம் சென்று, வேலி என்பதே கொடுமை என்று உபதேசிப்பது, உழைப்பை அறியாதவனின் பேச்சாகும்.

ஆகவே வேலிகளுள் வேற்றுமை காணவேண்டும். உழைப்பின் விளைவைக் காப்பது ஒருவகை வேலி. மனிதனை விலக்கி வைப்பது இன்னொருவகை வேலி. இரண்டும் ஒரே கதிகாலாற் கட்டப்படலாம். ஒரே கறையானால் அரிக்கவும் படலாம். ஆயினும் அவை ஒன்றல்ல. முதலாவது வேலி தன் ஓரத்தில் ஒழுங்கையை விட்டு நிற்கும். இரண்டாவது, ஒழுங்கையையே தன்னுள் விழுங்கிவிடும்.

யாழ்ப்பாணத்தின் பழைய வீதியோரங்களில் சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக்கல்லும் கேணியும் மடமும் இருந்தன. பருத்தித்துறையில் வீதியின் மேலேயே கூரையிட்ட தெருமூடி மடம் இன்றும் நிற்கின்றது. தலைச்சுமையோடு வரும் வழிப்போக்கனுக்கும், தினவெடுத்த மாட்டுக்கும் இடம் தந்த சமுதாயம் நம்முடையது என்று பெருமை பேசுகின்றோம். அந்தப் பெருமை முழு உண்மையாகுமா? அதே வீதியிலே, தோளிற் சால்வையிட்டு நடக்கக் கூடாதென்றும், பறை முழக்கிப் பிணம் கொண்டுபோகக் கூடாதென்றும் விலக்கப்பட்ட மனிதர் இருந்தனர். மாட்டுக்கு நட்ட கல் இருந்தது. மனிதனுக்கு மரியாதை இருக்கவில்லை. அவர்களுக்கு வழி இருந்தும் அது வேலியாகவே இருந்தது.

இந்த வேலியைப் பிடுங்கியவரும் கால்நடையாகச் சென்றவரே. 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காக எழுந்ததன்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகவே எழுந்தது. நம் நாட்டில் 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னும், தேநீர்க்கடையும் கோயிலும் மூடியே கிடந்தன. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள், தெல்லிப்பழைக்கு அண்மையிலுள்ள சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தைப் பொலிசார் தாக்கினர், ஊர்வலம் நிற்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஆலயப் பிரவேசத்துக்கான சத்தியாக்கிரகம் நடந்தது. சட்டம் தாளிலே தந்த வழியை மனிதர் தம் காலாலே உறுதிப்படுத்த வேண்டியிருந்தது.

பின்னர் வேறொரு வேலி வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரோடு பெயர்ந்தனர். தோட்டமும் கோயிலும் பள்ளியும் உயர் பாதுகாப்பு வலயமாயின. ஊர் முள்ளுக்கம்பிக்குள் அகப்பட்டது. ஊரார் அகதி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் சிதறினர். போர் 2009இல் முடிந்தபின் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. யாவும் ஒருமிக்க விடுவிக்கப்படவில்லை. 2025 ஏப்ரல் 10ஆம் நாள், 35 ஆண்டுகளுக்குப் பின் வசாவிளான் – பலாலி வீதி திறக்கப்பட்டது. மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் திறக்கும்போது விதித்த நிபந்தனைகளுள் ஒன்றைக் கவனியுங்கள்: வாகனத்திற் செல்லலாம், இடையில் நிறுத்தலாகாது, நடந்து செல்லலாகாது!

நடப்பவனுக்கு ஏன் தடை? வாகனத்தில் போகிறவன் கடந்து போகிறான், நடப்பவனோ காண்கிறான். இது என் பாட்டன் நட்ட பனை, இவ்விடத்தில் ஒரு படலை இருந்தது, இந்தக் கிணற்றில் எங்களுக்கும் பங்குண்டு என்று அவன் நினைவுகூர்கிறான். நடை என்பது நிலத்தோடு பேசுவது. எந்த அதிகாரமும் அந்தப் பேச்சை விரும்புவதில்லை. கோமகனின் வேட்டைக் காவலரும் விரும்பவில்லை, வீதியிற் சால்வையைத் தடுத்தவரும் விரும்பவில்லை.

இத்துடன் நிறுத்தினால் நம் கடமை எளிதாகிவிடும். இராணுவத்தை நோக்கி விரல் நீட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் மீண்டு வந்தோர் கண்டதென்ன? வேலிகள் இல்லை, எல்லைக்கற்கள் இல்லை, பற்றைக்காட்டுக்குள் ஒழுங்கையின் தடமும் மறைந்தது. எல்லை எதுவென்று அறியாத அந்த வேளையிலே, முன்னால் இருப்பவர் தம் வேலியை ஒரு முழம் தள்ளி நட்டாலும் போதும். பின்னால் இருக்கும் குடும்பத்தின் படலை குருடாகிவிடும். காணி பறிபோனவருக்கு, போர்க்காலத்தை எண்ணிக்கையிற் சேர்க்காத வகையிலே 2016இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தனக்கென உறுதியில்லாத, எல்லோருக்குமுரிய ஒழுங்கைக்காக வழக்காடுபவர் யார்? முகாமிலே 20 ஆண்டு கழித்து வந்த கூலித் தொழிலாளியிடம் உறுதியுமில்லை, வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமுமில்லை. அவருக்கு எதிராக ஒழுங்கையை விழுங்கும் நாம், எங்களுடைய வீதியைத் திறவுங்கள் என்று எந்த வாயாற் கேட்பது?

உரிமை என்பது நமக்கு மறுக்கப்படும்போது மட்டும் நினைவுக்கு வருவதாயின், அது உரிமையன்று, தன்னலம். பலாலி வீதியில் நடக்கும் உரிமையும், குச்சொழுங்கைக் கோடியிலுள்ள ஏழையின் வழியும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள். ஒன்றைக் கேட்பவன் மற்றதைக் கொடுத்தே ஆகவேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிலே செய்யத்தக்கது ஒன்றுண்டு. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து நிதி திரட்டினர். அந்நிதியால் தெல்லிப்பழையிலே புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. தீவின் தென்கோடியிலிருந்து நம் ஊருக்காக நடக்க முடியுமாயின், நம் ஊருக்குள் நாம் நடக்கலாகாதா? விடுமுறை நாளொன்றில் முதியோரை அழைத்துக்கொண்டு ஒழுங்கைகளில் நடவுங்கள். எது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, எந்தக் கிணற்றுக்கு எவர் வழி என்று கேட்டுக் குறியுங்கள். எவர் அந்த வழியில் நடக்கவிடப்படவில்லை என்பதையும் மறவாது கேளுங்கள். அவ்வாறு வரைந்த படத்தைப் பிரதேச சபையின் முன் வையுங்கள்.

அந்த முதியோர் மறைந்தபின் இக்கேள்விகளுக்கு விடைசொல்ல வேலிகள் மட்டுமே எஞ்சியிருக்கும். வேலி தன்னை நட்டவனுக்காகவே சாட்சி சொல்லும்.