கோபுரம் யாருக்கு?

மரத்துக்குச் சாதி உண்டா? மேசைக்கு மதம் உண்டா? இல்லை. ஆயினும் மேசையைச் செய்தவன் ஒரு தட்டு, அதன்மேல் கையூன்றி அமர்ந்தவன் வேறு தட்டு என்று வகுத்து வைத்திருக்கிறது உலகம். அழகைப் படைப்பவன் ஒருவன், அனுபவிப்பவன் மற்றொருவன் என்பது இயற்கை நியதியா, மனிதன் செய்த ஏற்பாடா? இதற்கு விடை தேட ஒரு சிறு மேசை நமக்குத் துணை வருகிறது.

ஐரோப்பியர் விரும்பிச் சேர்க்கும் பழம்பொருள்களுள் ஒன்று ஹாலந்து நாட்டுப் பக்கமேசை. கருத்த மரம், கனத்த உடல், படிப்படியாக விரிந்து தரையைப் பற்றும் கால்கள், விளிம்பில் அலைபோல் ஓடும் செதுக்கல். பண்டம் வைக்கும் பலகையா, சிற்பமா என்று ஐயுறத் தோன்றும். 1910க்கும் 1930க்கும் இடையே தழைத்த இப்பாணியை ‘ஆம்ஸ்டர்டாம் பள்ளி’ என்பர். கண் கண்டதைப் படியெடுப்பதோடு கலை நின்றுவிடலாகாது, உள்ளம் உணர்ந்ததை உருவத்தில் ஏற்றவேண்டும் என்ற எக்ஸ்பிரஷனிசக் கொள்கையின் ஹாலந்துக் கிளை அது.

அப்பள்ளியின் தலைமகன் மைக்கேல் டி கிளர்க். 1884இல் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்து, 1923இல் மறைந்தவர். மேசைக்கு வளைவு தந்த அதே கை, தொழிலாளிக்கு வீடும் வரைந்தது. 1901இல் ஹாலந்து அரசு வீட்டுவசதிச் சட்டம் இயற்றியது. அதன் துணையால் எழுந்த சங்கம் ஒன்றுக்காக டி கிளர்க் அமைத்த குடியிருப்பு 1921இல் நிறைவுற்றது. ‘கப்பல்’ என்பது மக்கள் அதற்கு இட்ட பெயர். 102 வீடுகள், ஓர் அஞ்சலகம், ஒரு கூட்ட அறை. மேசையில் மரம் வளைந்தது போல அங்கே செங்கல் வளைந்தது. அவ்வீடுகளின் மேலே ஒரு கோபுரம்! உள்ளே தெய்வம் இல்லை, பூசாரியும் இல்லை. அதனால் வேறு பயனும் இல்லை. உழைத்துக் களைத்து வருபவன் நிமிர்ந்து பார்க்க ஓர் அழகு, அவ்வளவே!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நம் நாட்டில் கோபுரம் யாருக்கு எழுந்தது? கல் சுமந்தவனுக்கா? சுமந்தவனை வாயிலிலேயே நிறுத்தினர். 1947இல் சென்னை மாகாணம் ஆலய நுழைவுச் சட்டம் இயற்றும் நிலை வந்தது என்றால், அதற்கு முன்பு எத்தனை தலைமுறை வெளியே நின்றிருக்கும்!

ஹாலந்துக்குப் பரணி பாடுவது நம் நோக்கமன்று. குடியேற்ற நாடுகளின் செல்வத்தில் கொழுத்த கப்பல் கம்பெனிகளின் மாளிகையையும் இதே பாணிதான் அலங்கரித்தது. டி கிளர்க் வடித்த மேசை நாற்காலிகள் பெரும்பாலும் செல்வர் இல்லங்களுக்கே சென்றன. வீட்டில் வென்ற கொள்கை மேசையில் தோற்றது!

நம் கதையோ இன்னும் கசப்பானது. பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக்காரர் கோட்டை கட்டி வணிகம் செய்த 17ஆம் நூற்றாண்டில், சோழமண்டலக் கரைத் தச்சர்கள் கருங்காலியில் செதுக்கிய நாற்காலிகள் ஐரோப்பா சென்றன. அடுத்த நூற்றாண்டில் ஹோரேஸ் வால்போல் என்ற ஆங்கிலப் பிரபு, அத்தகைய நாற்காலிகளைப் பண்டைய இங்கிலாந்தின் கைவண்ணம் என்றே நம்பித் தம் மாளிகையில் வைத்தார். செய்தவன் பெயர் மட்டுமா மறைந்தது? அவன் நாடும் மறைந்தது!

அச்சதுரங்கப்பட்டினத்துக்கு அருகேதான் பாலாறு கடலில் கலக்கிறது. ஆற்றை எதிர்த்து மேலே நடந்தால் இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. நாறும் தோலை நயமிக்க காலணியாக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஊர்கள். தோலைத் தொட்டவனைத் தீட்டு என்றவர்கள், அத்தோல் மிருதங்கமாகி மேடையேறினால் தலையசைத்தார்கள். பொருள் புனிதம், கை இழிவு! இதுவா அறிவு?

பாலாறு கெட்டது, 1996இல் உச்சநீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு செய்க என்று தீர்ப்பளித்தது. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, ஆலைக்குள் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். உழைத்த இடமே உறங்கும் இடமாக இருந்ததால் வந்த சாவு அது. ஐரோப்பியன் காலுக்கு மென்மை தந்த தொழிலில், உழைத்தவன் தலைக்கு ஒரு கூரை தனியே இல்லை!

“முதலில் சோறு, பிறகு அழகு” என்பர் சிலர். சோறு முதலில் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் “பிறகு” என்ற அந்த நாளைக் குறிப்பவர் யார்? மாளிகைவாசி தன் மகனுக்கு இவ்வாறு தவணை சொன்னதுண்டா? நல்ல காற்று, நல்ல வெளிச்சம், கண்ணுக்கு இனிய ஒரு சுவர் ஆகிய மூன்றும் மனிதன் தன்னை மனிதன் என்று உணரத் தேவையானவை. அவற்றைக் கூலிக்கு மேல் தரும் கொடையாகக் கருதுவது அடிமை மனம்.

ஆகவே இளைஞர்களே, உங்கள் ஊரில் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்படும்போது, கட்டடத்தின் வரைபடத்தோடு அங்கே உழைப்போர் வாழப்போகும் வீட்டின் வரைபடத்தையும் கேளுங்கள். அதில் சாளரம் எங்கே, மரம் எங்கே, படிப்பகம் எங்கே என்று கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்!