கிழியாத இடத்தில் ஒட்டு

போன வருஷம் கருநீலத்தில் ஒரு ஜாக்கெட் வாங்கினேன். முழங்கையிலும் தோளிலும் ஒட்டுத்துணி, அதன்மேல் வெள்ளை நூலில் நெருக்கமான தையல். ‘போரோ துணியின், பூசாத கான்கிரீட்டின் நேர்மை’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். அதே மாதம், காலர் நைந்த சட்டை ஒன்றைக் குப்பையில் போட்டேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது.

போரோ என்றால் ஜப்பானிய மொழியில் கந்தல். வட ஜப்பானின் அவோமோரி குளிரில் பருத்தி விளையாது. அங்கிருந்த விவசாயக் குடும்பங்கள் ஹெம்ப் நாரில் நெய்து உடுத்தினார்கள். குளிர் தாங்க, கப்பலில் வந்த பழைய பருத்தித் துண்டுகளை அதன்மேல் அடுக்கடுக்காக வைத்துத் தைத்தார்கள். வசதி வந்த பிறகு அது வெளியே காட்டக் கூசும் பொருளானது. தனாகா சுசாபுரோ போன்ற ஆய்வாளர்கள் வீடு வீடாகத் தேடிச் சேர்த்ததால்தான் பல துணிகள் மிஞ்சின.

கான்கிரீட்டின் கதை வேறு. மார்செய் நகரில் லெ கொர்புசியே கட்டிய குடியிருப்பு 1952இல் முடிந்தது. போருக்குப் பிந்தைய இரும்புத் தட்டுப்பாட்டால் கான்கிரீட்டுக்கு மாறிய கட்டடம் அது. சென்ட்ரிங் பலகையின் மரவரியும் பிசகிய இணைப்புகளும் அப்பட்டமாகத் தெரிந்தன. அவர் பூசி மறைக்கவில்லை.

ஆனால் பூசுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர் இருந்தார். அவோமோரிப் பெண் இல்லை. வேறு வழியில்லாமல் தைத்தவளை ‘நேர்மை’ என்று பாராட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அப்போ கந்தலிலிருந்து யாரும் எதையும் எடுக்கவே கூடாதா? அப்படியும் சொல்ல முடியல. 1982இல் ரெய் கவாகுபோ ஓட்டைகள் நிறைந்த ஒரு ஸ்வெட்டரைச் செய்தார். பின்னல் இயந்திரத்தின் திருகுகளைத் தளர்த்தி உண்டாக்கிய ஓட்டைகள். பார்த்தவர்களுக்குக் கந்தலாகத் தெரிந்தது; அவர் லேஸ் என்றார். இயந்திரத்துக்கு நடந்ததுதான் துணியில் இருந்தது. யாருடைய வறுமையையும் அது நடிக்கவில்லை.

என் ஜாக்கெட்டில் ஓர் ஒட்டைப் பிரித்துப் பார்த்தேன். அடியில் கிழிசல் இல்லை, புத்தம்புதுத் துணி. நடக்காத ஒன்றின் தழும்பு. ஆனால் பொய் தைத்தவர்களிடம் மட்டும் இல்லை. சட்டையைத் தூக்கிப் போடுகிற எனக்கு, எதையும் தூக்கிப் போடாதவன் மாதிரித் தெரிய ஆசை இருந்தது. அதற்குத்தான் காசு கொடுத்தேன்.

இப்போது ஜாக்கெட்டின் வலது பை நிஜமாகவே கிழிந்துவிட்டது. ஊசி நூல் வாங்கி வைத்திருக்கிறேன். தைத்தால் கோணலாகத்தான் வரும். வரட்டும்.