அயலாரின் கண்ணும் அயலாரின் உரிமையும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரை அடுத்த கல்வர் சிற்றியில், 530 வீடுகளைக் கொண்ட தொடர்மாடிக் குடியிருப்பு ஒன்றுண்டு. 1988ஆம் ஆண்டில் அங்கு வீடு வாங்கிக் குடிபுகுந்த பெண்மணி ஒருவர் தம்முடன் மூன்று பூனைகளையும் கொண்டுவந்தார். நாயும் பூனையும் வளர்க்கலாகாதென்பது அக்குடியிருப்பின் விதி. மீனுக்கும் பறவைக்கும் மட்டும் விலக்கு உண்டு. (கிளி கத்தலாம், பூனை உறங்கலாகாது போலும்!) பூனைகளை அகற்றுமாறு வீட்டுரிமையாளர் சங்கம் பணித்தது. அவர் மறுக்கவே மாதந்தோறும் தண்டம் விதித்தது. அவர் வழக்குத் தொடுத்தார். தம் பூனைகள் வெளியே செல்வதில்லை, சத்தமிடுவதில்லை, எவருக்கும் தொல்லை தருவதில்லை என்றார். சங்கத்தார் தம் வீட்டினுள் எட்டிப்பார்த்து அந்தரங்கத்தை மீறினர் என்பதும் அவருடைய முறைப்பாடுகளுள் ஒன்றாகும்.

1994ஆம் ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. பதிவுசெய்யப்பட்ட விதி நியாயமானதென்றே முதலிற் கொள்ளப்படல் வேண்டும். அதன் நியாயமும் குடியிருப்பு முழுவதையும் நோக்கி அளக்கப்படுமேயன்றித் தனியொருவரின் நிலைமையை நோக்கியன்று என்பது பெரும்பான்மையோர் கருத்து. நீதியரசர் ஆமண்ட் அரேபியன் ஒருவரே மாறுபட்டார். பிறரைத் தீண்டாத ஒரு செயலைத் தடுப்பதால் விளையும் நன்மை சிறிது, இழப்போ பெரிது என்பது அவர் நிலைப்பாடு.

பெரும்பான்மையோரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. விலங்குகளற்ற குடியிருப்பென நம்பியே அங்கு வீடு வாங்கியோரும் இருப்பர். ஒவ்வொரு பூனைக்கும் ஒவ்வொரு விசாரணை நடத்துவதாயின் அவர்கள் பெற்ற வாக்குறுதிக்குப் பொருளென்ன? உடன்பட்டவன் உடன்பாட்டைக் காத்தல் கடன். ஜோன் ஸ்ருவேட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பிறருக்குத் தீங்கு விளையாதவிடத்து ஒருவரைக் கட்டுப்படுத்தச் சமுதாயத்துக்கு உரிமையில்லை என வாதிட்டார். எனினும் தானே விரும்பித் தந்த வாக்கை மீறுதலும் ஒருவகைத் தீங்கேயென எதிர்வாதம் செய்யலாம்.

ஆயின், அப்பெண்மணி கையொப்பமிட்டு ஏற்ற உடன்பாடு எதைப் பற்றியது? வீட்டில் எதை வைத்திருக்கலாம் என்பதைப் பற்றியது. தம்மைப் பிறர் நோக்கிக்கொண்டிருக்கலாம் என்பதற்கு அவர் உடன்படவில்லை. நாயின் குரைப்பும் குப்பையின் நாற்றமும் அயலாரைத் தேடித் தாமே செல்வன. அவற்றைப் பற்றி முறையிடுவோன் துன்புற்றவனாகவே முறையிடுகிறான். உறங்கும் பூனையோ எவரையும் தேடிச் செல்வதில்லை. அதனை அறிய அயலான்தான் அதனிடம் செல்லவேண்டும். குற்றம் அவனிடம் வந்ததா, அவன் குற்றத்திடம் சென்றானா என்ற வினாவை விதிநூல்கள் எழுப்புவதில்லை. விதி மீறப்பட்டதா என்பதே அவற்றுக்குப் போதும். ஆகவே எட்டிப்பார்த்தலுக்கு விதி ஓர் ஊதியம் அளிக்கின்றது. நேற்றுவரை வெறும் விடுப்பாக இருந்தது இன்று பொதுநலத் தொண்டாகிவிடுகிறது.

அயலாரின் உடன்பாடு எத்துணைத் தூரம் செல்லக்கூடும் என்பதற்கு அதே நாட்டில் இன்னுமொரு சான்றுண்டு. செயின்ற் லூயிஸ் நகரில் ஒரு தெருவில் வீடும் நிலமும் உடைய 39 பேருள் 30 பேர், வெள்ளையரல்லாதார் தம் வீடுகளில் 50 ஆண்டுகளுக்குக் குடியிருக்கலாகாதென 1911இல் ஒப்பந்தம் செய்தனர். 1945இல் கறுப்பினக் குடும்பமொன்று அங்கு வீடு வாங்கியதும் அயலார் நீதிமன்றம் சென்றனர். அத்தகைய ஒப்பந்தத்தை அரசின் நீதிமன்றங்கள் நிறைவேற்றிக்கொடுத்தல் ஆகாதென 1948இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பூனையையும் மனிதரையும் ஒரு தட்டில் வைத்து நிறுப்பது இங்கு நோக்கமன்று. பலர் கூடி ஒப்பினர் என்பதொன்றே ஒரு விதியை அறமாக்கிவிடாது என்பதே கவனிக்கற்பாலது.

இனி, எட்டிப்பார்ப்பதெல்லாம் இழிவு என முடிப்பதும் பிழையாகும். மூடிய கதவுக்குள் ஒரு குழந்தை அடிபடும்போது, அது தன் காரியமன்றெனச் செல்லும் அயலானை எவர் போற்றுவர்? அங்கு பாராமையே குற்றம். இரு கண்களும் ஒரே வேலியினூடாகத்தான் பார்க்கின்றன. ஒன்று உள்ளேயிருப்பவரின் நலம் கருதிப் பார்க்கிறது. மற்றையது உள்ளேயிருப்பவருக்கு எதிராகப் பார்க்கிறது. பார்ப்பவனே இவ்வேறுபாட்டை எப்போதும் அறிவான் எனச் சொல்வதற்கில்லை. முறைப்பாட்டுக் கடிதம் எழுதுவோர் பெரும்பாலும் தம்மை நல்லவராகவே கருதிக்கொள்வர்.

ஓலைவேலியின் பொட்டினூடே நோக்கிய ஊர்க்கண்ணுக்கு வம்பு பேசும் வல்லமை மட்டுமே இருந்தது. தண்டம் விதிக்கும் அதிகாரம் இருக்கவில்லை. தொடர்மாடி வீட்டுடைமை பற்றிய சட்டம் இலங்கையிலும் 1973இல் இயற்றப்பட்டது. ஒரே கூரையின் கீழ்ப் பலர் உரிமையாளராக வாழ்கின்ற இடத்தில், பொதுவிதிகளை வகுப்போரும் அவற்றை மீறுவோரைக் கண்டுபிடிப்போரும் அதே அயலார்தாம்.

கலிபோர்னியாச் சட்டசபை 2000ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தியது. அதற்குப்பின் எழுதப்படும் அல்லது திருத்தப்படும் குடியிருப்பு விதிகள், வீட்டுக்கு ஒரு வளர்ப்புப் பிராணியையேனும் அனுமதித்தல் வேண்டும். மூன்று பூனைகளுள் எதனை வைத்துக்கொள்வது என்பதற்கு அதில் விடையில்லை. எட்டிப்பார்த்தவர் பற்றியும் அதில் ஒரு சொல்லுமில்லை.