வீதியிடைவெளியும் முறைமையும்

வீதி என்பது எல்லோர்க்கும் பொதுவான இடம். அதிலே செல்வோர் ஒருவரையொருவர் அறியார். ஒருவரோடொருவர் பேசுதலும் இல்லை. அங்ஙனமிருந்தும் ஒவ்வொருவரும் தம் உயிரைப் பிறர் கையிலே நம்பி ஒப்புவித்தே செல்கின்றனர். ஆதலின், ஒருவன் கற்ற ஒழுக்கம் அவன் இல்லத்திலும் பார்க்க வீதியிலே தெளிவாகப் புலப்படும் என்று கூறுதல் தவறாகாது. அவ்வீதியைப் பற்றிய சிறு வினா ஒன்றினை எடுத்து, அதன் நியாயத்தை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். வண்டிகள் நெருங்கி நிரையாக நிற்கும்போது, மோட்டார்ச் சைக்கிளில் வருவோன் அவற்றின் இடையே புகுந்து முன்னே செல்லுதல் முறையா, முறையன்றா என்பதே அவ்வினா.

இது கொழும்பு நகரத்தார்க்கு உரிய வினாவன்றோ, தீவகத்தார்க்கு இதனால் ஆவது என்னை எனின், கூறுதும். காலி வீதியிலே நாடோறும் காணப்படும் நெருக்கம் எம் தீவகத்திலே நாடோறும் இல்லை என்பது உண்மையே. ஆயினும், நயினாதீவு நாகபூஷணி அம்பாள் ஆலயத்தின் ஆனி மகோற்சவ காலத்தை நினைக. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணையை அடைந்து, வாணர் தாம்போதியைக் கடந்து, புங்குடுதீவின் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குச் செல்லும் தரைவழி ஒன்றே. பஸ், வான், கார், முச்சக்கர வண்டி யாவும் அவ்வொரு வழியாலேயே வருகின்றன. நயினாதீவிலும் நெடுந்தீவிலும் கற்பிக்கும் ஆசிரியர்களுள் யாழ்ப்பாணத்திலிருந்து வருவோரும் அவ்வழியாலேயே வந்து படகேறல் வேண்டும். படகு தன் நேரத்துக்குப் புறப்படும். முன்னே வண்டிகள் நிற்கின்றன. இடையிலே ஒரு வழி தெரிகின்றது. அப்பொழுது மோட்டார்ச் சைக்கிளில் இருக்கும் ஆசிரியர் என் செய்தல் வேண்டும்? இவ்வினா எம்மவர்க்கும் உரியதே என்பது இதனால் விளங்கும்.

இடைபுகுந்து செல்லுதலைக் கண்டிப்போர் முதலிலே கூறுவது, அது முறை தவறுதல் என்பதாம். முன் வந்தவன் முன்னே செல்லல் வேண்டும். பின் வந்தவன் முந்துதல் பிறனுடைய முறையைக் கவர்தலாகும் என்பர். இக்கூற்றைச் சிறிது பகுத்துப் பார்த்தல் நலம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலே சனங்களையும் மோட்டார்ச் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் பாதை ஒன்று உண்டு. அப்பாதையின் தட்டிலே கொள்ளும் இடம் அளவுபட்டது. அங்கே நிற்போரைத் தள்ளி ஒருவன் முந்தி ஏறுவானாயின், கடைசியில் நின்ற ஒருவன் கரையிலே விடப்படுகின்றான். ஏறியவன் பெற்றது எதுவோ, அதுவே மற்றவன் இழந்தது. இது கவர்தலே, இதிலே ஐயம் இல்லை.

வீதியிலே நிற்கும் இரண்டு வண்டிகளின் இடைவெளியோ அத்தன்மையது அன்று. அவ்விடைவெளியிலே காரும் செல்ல இயலாது. பஸ்ஸும் செல்ல இயலாது. அது ஒருவர்க்கும் பயன்படாது கிடக்கும் இடம். அதன் வழியே ஒரு மோட்டார்ச் சைக்கிள் மெல்லச் சென்றால், காரில் இருப்பவர் முன்னர்ப் போகும் நேரத்திலேயே போவார். அவர் இழந்தது ஒன்றும் இல்லை. அன்றியும், மோட்டார்ச் சைக்கிள் ஒவ்வொன்றும் ஒரு கார் நிற்கும் இடத்தைப் பிடித்து நிரையிலே நிற்குமாயின், அந்நிரை இன்னும் நீளும். பின்னால் நிற்போர் இன்னும் காத்திருப்பர். ஆகவே, பிறனுடைய முறையைக் கவர்தல் என்னும் குற்றம் இங்கே பொருந்தாது. தான் போக இயலாத வழியாலே பிறனும் போகலாகாது என்று எண்ணித் தன் வண்டியைச் சிறிது சரித்து இடைவெளியை அடைப்பாரும் உளர். அவர் காப்பது நீதி அன்று, அது அழுக்காறே. அதனால் அவர் பெறும் பயன் யாதும் இல்லை. மற்றவனுக்கோ விழும் அபாயம் உண்டு.

அங்ஙனமாயின் இடைபுகுதல் குற்றமற்றது என்று முடித்துவிடலாமோ எனின், அஃது ஆகாது. முறையைப் பற்றிய வினா தீர்ந்தது. உயிரைப் பற்றிய வினா எஞ்சியுள்ளது.

இதனைப் பற்றிப் பிற நாட்டார் ஆராய்ந்தவற்றையும் நோக்குவோம். அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்திலே நிகழ்ந்த விபத்துக்களிற் பட்ட மோட்டார்ச் சைக்கிளோட்டிகள் 5,969 பேரைப் பற்றிய செய்திகளைப் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2015 ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். அவருள் 997 பேர் விபத்து நேர்ந்தபோது வண்டிகளினிடையே சென்றவர்கள். இவர்களிலே தலையிற் காயம் பட்டோர் நூற்றுக்கு 9 பேர். ஏனையோரிலே நூற்றுக்கு 17 பேர். இடையே சென்றோர் பின்வரும் வண்டியால் மோதப்படுதலும் குறைவாயிற்று. இவ்வளவில் வாசித்து நிறுத்துவோர், இடைபுகுதலே பாதுகாப்பானது என்று மகிழ்வர். ஆனால் அவ்வாராய்ச்சியே வேறு சிலவற்றையும் கூறுகின்றது. இடையே சென்றோர் பெரும்பாலும் வேகம் குறைந்த வேளையிலே சென்றவர். நல்ல தலைக்கவசம் அணிந்தோரும் அவருள் மிகுதி. ஆதலின், காயம் குறைந்தமைக்கு இடைபுகுதலே காரணம் எனத் துணிதல் கூடாது. மேலும், அவர்கள் முன்னால் நின்ற வண்டியிலே தாம் போய் மோதுதல் ஏனையோரிலும் பார்க்க இரு மடங்குக்கு மேலாயிற்று. பின்னிருந்து மோதப்படும் அபாயம் குறைந்தது. முன்னே சென்று மோதும் அபாயம் கூடிற்று. சுற்றிலும் செல்லும் வண்டிகளின் வேகம் மணிக்கு 50 மைலுக்கு மேற்படாமலும், தம் வேகம் அவற்றின் வேகத்திலும் 15 மைலுக்கு மேல் மிகாமலும் செல்லின் அபாயம் பெரிதும் மிகுவதில்லை என்பதே அவ்வாராய்ச்சியின் முடிபு.

சட்டங்களும் இவ்வழியையே பற்றிச் செல்கின்றன. அவுஸ்திரேலியாவிலே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தார் 2014 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1 ஆந் தேதி முதல் இதனை அனுமதித்தனர். ஆயின், வேகம் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேற்படலாகாது. பழகுநர்க்கு அனுமதி இல்லை. பாடசாலைகளின் அருகே, பிள்ளைகள் வரும் வேளையிலும் போகும் வேளையிலும் அறவே கூடாது. கலிபோர்னியாவிலே 2016 இல் இயற்றப்பட்ட சட்டம் 2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. கொழும்பிலோ 2020 ஆம் ஆண்டு செப்டெம்பரிலே பொலிசார், இன்ன வண்டி இன்ன நிரையிலே செல்லல் வேண்டும் என்று வகுத்து, மோட்டார்ச் சைக்கிள்களையும் அதற்குள் அடக்க முயன்றனர். நாட்டுக்கு நாடு விதி வேறுபடுகின்றது. ஆதலின், விதியை மாத்திரம் கொண்டு அறத்தைத் துணிதல் இயலாது. தம் நாட்டின் விதிக்கு யாவரும் கட்டுப்படல் வேண்டும். ஆயினும், விதி எதன்பொருட்டு உண்டாயிற்று என்பதையும் ஆசிரியராவார் அறிதல் வேண்டும்.

இனி, இவ்வினாவின் உள்ளே கிடக்கும் உண்மையைக் கூறுதும். இரண்டு வண்டிகளின் இடையே தெரியும் வழி எதனால் உண்டாகின்றது? இருபாலும் உள்ளோர் அசையாது நிற்றலினால் உண்டாகின்றது. காரில் இருப்பவர் கதவைத் திறவாதிருத்தல் வேண்டும். வான் ஓட்டுபவர் திரும்பாதிருத்தல் வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கிய மூதாட்டி இரு வண்டிகளுக்கு இடையிலிருந்து வெளிப்படாதிருத்தல் வேண்டும். இத்தனை பேரும் இத்தனையையும் செய்யாதிருந்தாலன்றி அவ்வழி வழியாகாது. ஆகவே, அவ்விடைவெளி புகுவோனுக்கு உரிமையான பொருள் அன்று. பிறர் பொறுமையினால் அவனுக்குக் கிடைத்த இரவல் எனலாம். இரவற் பொருளை ஆள்வோன் தன் பொருளிலும் பார்க்க அதனைப் பேணி ஆளல் வேண்டும் என்பது எவர்க்கும் தெரியும். மெல்லச் செல்வோன் இதனை அறிந்தவன். கதவு திறந்தால் அவன் நின்றுகொள்வான். விரைந்து செல்வோனோ, மற்றவர் யாவரும் தனக்காக அசையாது நிற்கக் கடமைப்பட்டவர் என்று கொள்கின்றான். அவன் செய்யும் குற்றம் முந்துதல் அன்று. பிறரைக் கேளாமலே அவர் எச்சரிக்கையைத் தன் உயிருக்குக் காவலாக வைத்தலே குற்றம்.

என் உயிர் என்னுடையது, அபாயம் எனக்கே என்று சொல்வாரும் உளர். அது பொருந்தாது. வீதியைக் கடந்த மூதாட்டி அவ்வபாயத்துக்கு உடன்பட்டவர் அல்லர். பின்னால் இருத்தப்பட்ட பிள்ளை உடன்படும் வயதினது அன்று. கதவைத் திறந்தவர் சட்டத்தினால் விடுவிக்கப்படினும், ஓர் உயிர் போனதைக் கண்ட துயரத்தை வாழ்நாள் முழுதும் சுமப்பார். வீதியிலே ஒருவன் தனக்கு மாத்திரம் வருவித்துக்கொள்ளும் அபாயம் என்பது ஒன்று இல்லை.

எம் தீவகத்துக்குச் சிறப்பாக உரிய செய்தி ஒன்றும் உண்டு. கொழும்பிலே ஒரே திசையிற் செல்லும் நிரைகள் பலவாதலின், அவற்றின் இடையே புகுதல் நிகழும். எம் தாம்போதிகளிலோ போக ஒரு பக்கம், வர ஒரு பக்கம்; இருபாலும் கடல். இங்கே முந்துவோன் புகுவது பெரும்பாலும் இடைவெளி அன்று. எதிரே வருவோரின் பக்கமே. நிற்கும் நிரைக்கு வலப்புறத்தே வெறுமையாகத் தோன்றும் அப்பக்கம் வெறுமையானது அன்று. நயினாதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் கடும் நோய்ப்பட்டோரைப் படகிலே கொணர்ந்து, குறிகாட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வழி அதுவே. அதற்கு மாற்றாகிய தரைவழி வேறில்லை. இரண்டு மோட்டார்ச் சைக்கிள் முன்னே போக, அவற்றைப் பின்பற்றி ஒரு முச்சக்கர வண்டியும், அதன் பின்னே ஒரு வானும் அப்பக்கத்திலே ஏறிவிட்டால், இரு திசையும் அடைபடும். அப்பொழுது காத்திருப்பவர் பிரசவ வேதனையிலுள்ள ஒரு தாயாகவும் இருக்கலாம். பாதையின் தட்டிலே இடத்தைக் கவர்தலை முன்னர்க் குற்றம் என்றோம். இஃது அதனினும் கொடிது. அங்கே இழந்தவன் ஒரு வேளையை இழந்தான். இங்கே இழப்பது உயிராகவும் கூடும்.

இப்பொழுது, படகை நோக்கி வரும் ஆசிரியரிடம் மீள்வோம். அவர் படகைத் தவறவிட்டால் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அன்று ஆசிரியரின்றி இருப்பர். தீவகப் பாடசாலையிலே ஓர் ஆசிரியர் வாராமை நகரப் பாடசாலையிலே போல எளிதில் நிரப்பப்படுவதன்று. ஆதலின், அவர் விரைவை நாம் இகழோம். நிரை நின்றிருக்க, தம் பக்கத்திலேயே இடம் இருக்க, விதியும் தடுக்காதிருக்க, காலூன்றி நிறுத்தக்கூடிய வேகத்திலே அவர் செல்லுவாராயின் அவர்மேற் குற்றம் இல்லை. எதிர்ப்பக்கத்திலே ஏறி விரைவாராயின், கடமை என்னும் நல்ல பெயர் அதனை நியாயமாக்காது. பிள்ளைகளின் ஒரு நாட் கல்விக்காக வேறொரு தாயின் உயிரைப் பணயம் வைக்க அவர்க்கு உரிமை தந்தவர் யாவர்? அவ்வாறு நேரும் நாளிலே படகை இழத்தலே தக்கது. அங்ஙனம் இழப்பவரைப் பிந்தி வந்தார் என்று மாத்திரம் குறித்துக் கண்டியாமல், திருவிழாக் காலத்திலே வீதியின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் அதிபர்க்கும் கல்வி அதிகாரிகட்கும் கடனாகும். நேர்மையாக நடந்தவனுக்கு மாத்திரம் நட்டம் வருமாயின், நேர்மையைக் கற்பித்தல் அரிதாகிவிடும்.

எம் மாணவருட் பலர் சில ஆண்டுகளிலே மோட்டார்ச் சைக்கிளைக் கையிலே பெறுவர். அவர்க்கு, புகாதே என்று மாத்திரம் சொன்னாற் கேளார். புகுந்து இடையூறின்றிச் செல்வோரை நாடோறும் காண்கின்றனர். ஆதலின், மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே கேட்கப் பழக்குதல் நன்று. நான் புகும் இவ்விடம் பிறர்க்கு உரியதா? யாரேனும் ஒருவர் சிறிது அசைந்தால் என்னால் நிற்க முடியுமா? நான் கடந்து செல்லும்போது அருகிருப்போர் அஞ்சி நடுங்குகின்றனரா? இம்மூன்றுக்கும் தக்க விடை கிடைத்தாலன்றிப் பொறுத்து நிற்றலே முறை. வகுப்பிலே சொல்லும் இச்சொல்லினும், காலையிலே பண்ணையிலும் குறிகாட்டுவானிலும் தம் ஆசிரியர் எவ்வாறு வண்டி செலுத்துகின்றார் என்பதையே மாணவர் நன்கு கற்றுக்கொள்வர். அதனை ஆசிரியர்கள் மறவாதிருப்பாராக.