நான்காவது கோல்

ஈஜோக் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு 2007 ஏப்ரல் 28 இடைத்தேர்தல்தான் ஞாபகம் வரும். அதில் தோற்ற காலிட் இப்ராஹிம் மறு ஆண்டே அதே தொகுதியில் வென்று சிலாங்கூர் மந்திரி பெசார் ஆனார். எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் தோல்வியைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். காற்பந்துக்காரர்களிடம் இதைவிடப் பெரிய கதை இருக்கிறது. 2001இல் ஆஸ்திரேலியாவிடம் 31–0 எனத் தோற்ற அமெரிக்க சமோவா, 2011இல் டோங்காவை 2–1 என வென்றது. 31 கோல் வாங்கிய அதே நிக்கி சலாபுதான் அன்றைக்கும் கோல் கம்பத்தில் நின்றார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கதையிலும் தோல்விக்கு மதிப்புக் கொடுப்பது பின்னால் வந்த வெற்றி. அது வராமலே போனவர்களை என்ன செய்வது?

எங்கள் கல்லூரி அணிக்கு மறு ஆண்டு என்று ஒன்று இல்லை. ஏழு ஆட்டம் கொண்ட போட்டியில் ஆறு தோற்றிருந்தோம். அணியில் ஈஜோக் பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் இரண்டு பேர். ஒன்று நான், வலது பக்கத் தற்காப்பு. இன்னொருவர் கீப்பர், எனக்கு ஒரு வருடம் மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். வார இறுதியில் அண்ணனும் கூடப் போவார். திங்கட்கிழமை பயிற்சிக்கு வரும்போது உள்ளங்கையில் முள் குத்திய தடம் இருக்கும்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின இரவு விடுதியில் ஒருவன் ஆரம்பித்தான்: "போகாமலே இருந்துடுவோம்டா. வாக்ஓவர்னா 3–0. நாம ஆடினா அதவிட மோசமாத்தான் வாங்குவோம்."

நியாயமாகத்தான் பட்டது. பிறகு இன்னொருவன் புள்ளிப் பட்டியலை எடுத்தான். எதிரணி அரையிறுதிக்குப் போக நான்கு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். மூன்றோடு நின்றால் வேறொரு கல்லூரி உள்ளே போகும். ஆக, நாங்கள் போகாமல் இருந்தால் ஒரு கல்லூரியை வெளியே தள்ளுகிறோம். போய் ஏனோதானோ என்று ஆடினால் இன்னொன்றைத் தள்ளுகிறோம். யாருக்கும் வேண்டாத அணி, இரண்டு கல்லூரிகளின் தலையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேகி தின்றுகொண்டிருந்தது.

"முடிஞ்ச வரைக்கும் ஆடுவோம். அதுக்கப்புறம் யாரு போறாங்கங்கறது நம்ம பொறுப்பு இல்ல," என்றார் அண்ணன்.

"ஆறு ஆட்டம் முடிஞ்ச வரைக்கும்தானேண்ணே ஆடினோம்? இன்னும் என்ன முடியும்?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் 1998 டைகர் கோப்பை ஞாபகம் வந்தது. ஹோ சி மின் நகரில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் ஆடின. இரண்டும் ஏற்கெனவே அரையிறுதிக்குப் போய்விட்டன. ஆனால் ஜெயிக்கிறவர்கள் ஹனோய் போய் வியட்நாமை அதன் சொந்த மண்ணில் சந்திக்க வேண்டும். 2–2 என்று இருந்தபோது, கடைசி நேரத்தில், முர்ஷித் எஃபெண்டி பந்தைத் தன் வலைக்குள்ளேயே அடித்தார். தாய்லாந்துக்காரர்கள் ஓடிவந்து அதைத் தடுக்கப் பார்த்தார்கள்! எதிரணி கோல் போட்டுக்கொள்வதைத் தடுக்க முயன்ற காட்சியை வேறு எங்கே பார்ப்பது? எஃபெண்டிக்கு அனைத்துலக ஆட்டங்களில் வாழ்நாள் தடை. இரண்டு நாடுகளுக்கும் அபராதம். அரையிறுதியில் இரண்டுமே தோற்றன.

அவருடைய குற்றத்தில் குழப்பம் இல்லை. கால் எந்தப் பக்கம் வீசியது என்று திடலே பார்த்தது.

எங்கள் ஆட்டம் அப்படி இல்லை. முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கினோம், இடைவேளைக்குப் பிறகு மூன்றாவது. அதன் பின் அண்ணன் பிடித்த பந்துகளை நான் எண்ணவில்லை. ஒரு முறை கம்பத்தின் அடியில் விழுந்து முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு எழுந்தார். 88வது நிமிடத்தில் அவர்களுடைய இடது விங்கர் என்னைத் தாண்டி ஓடினான். நான் துரத்தினேன். பந்து நடுவே போனது. நான்காவது கோல்.

ஆட்டம் முடிந்ததும் வெளியேறிய கல்லூரியின் பையன் ஒருவன் எங்களிடம் வந்தான். சத்தம் போடவில்லை. "வேணும்னே விட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

ஜெயித்தவனிடம் உண்மையாகத்தான் ஆடினாயா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கோலே சாட்சி. தோற்றவன் உயிரைக் கொடுத்து ஆடினாலும், சும்மா நின்றாலும், பலகையில் 4–0 என்றுதான் எழுதுவார்கள். அவனுடைய நேர்மைக்கு வெளியே எந்த அடையாளமும் கிடையாது. அண்ணன் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். பையன் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்தக் காயம் அவருக்குச் சாட்சி சொல்லியது. எனக்கு இல்லை.

அன்று இரவு மோட்டாரில் அவர் பின்னால் உட்கார்ந்து ஈஜோக் வந்தேன். சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை, இருட்டு. "அண்ணே, அந்த நாலாவது கோல்ல நான் மெதுவா ஓடினேனா?" என்று கேட்டேன். காற்றில் காதில் விழவில்லையா, விழுந்தும் பேசவில்லையா, தெரியாது. அந்தக் கடைசிப் பத்தடியில் என் கால் களைத்திருந்தது என்பது உண்மை. மனசும் களைத்திருந்ததா, எது முதலில் நின்றது என்று இன்றைக்கு வரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.